செருப்புத் துண்டும் ஒரு பவுண் மோதிரமும்

றுக்கியாவின் வாயிலிருந்து விழும் முதல் வார்த்தைக்கு விலை ஒரு பவுண் மோதிரம்.

இது ஊருக்கான விலை அல்ல. ஊருக்கு அவள் இலவசமாகவே கதைப்பாள். மீன்காரனுக்கும் மரக்கறிக்காரிக்கும் அவர்கள் கேட்டதற்கு மேலேயே கிடைக்கும். மோதிர விலை மருமகன் பஸ்லானுக்கு மட்டும்.

றுக்கியாவின் தாய்வழியில் அப்படியொரு வழக்கம். வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையோடு மாமி நேரே பேசுவதில்லை. முதல் பிள்ளை பிறந்து, மாப்பிள்ளை மோதிரம் கொண்டுவந்து மாமியின் உள்ளங்கையில் வைக்க வேண்டும். அப்போதுதான் வாய் திறக்கும். அதுவரை ஆக்கிப் போடலாம், சட்டை தோய்த்துப் போடலாம், அவனுக்காக அல்லாஹ்விடம் துஆக் கேட்கலாம். பேச்சு மட்டும் கிடையாது.

அவளுடைய புருசன் கலீலுர் றஹ்மான் அந்தக் காலத்தில் தன் மாமியின் வார்த்தையை முக்கால் பவுணுக்குப் பேசி முடித்தவர். "தங்கம் ஏறிக் கிடக்கு. மாமி கொஞ்சம் குறைச்சுக் கதைச்சாப் போதும்" என்று ஆள் அனுப்பினாராம். அந்த மாமியும் மௌத்தாகிக் கண் மூடும்வரை மருமகனோடு முக்கால் அளவாகவே கதைத்தாள்.

இப்படி வாய் கட்டிக் கிடக்கிற வீட்டில்தான் போன வாரம் அந்தக் கதை புகுந்தது: கல்யாணத்துக்குக் கொடுத்த காரை மாப்பிள்ளை விற்கப் பார்க்கிறாராம். கார் புரோக்கர் முனீபிடம் காட்டியிருக்கிறாராம். திருகோணமலை நகரத்தில் கலீலுர் றஹ்மானின் இரும்புக் கடைக்கு ஆணி வாங்க வந்த ஒருவர், ஆணியை வாங்கிக்கொண்டு இதை வைத்துவிட்டுப் போனார். அன்று மத்தியானம் கலீலுர் றஹ்மான் பாதிச் சோற்றில் எழும்பிக் கை கழுவினார்.

கார் ஒன்றும் அரண்மனைக் கார் அல்ல. அவர் வருடக் கணக்காக ஆணிப் பெட்டியும் பெயின்ற் வாளியும் ஏற்றிய பழைய டொயோட்டா. வாகன இறக்குமதி நின்ற வருடங்களில் பழைய கார்களுக்கெல்லாம் திடீரென்று கல்யாணக் களை வந்தது அல்லவா, அதற்கும் வந்தது. வர்ணம் பூசி, மகள் ரிஸ்னாவோடு சேர்த்து மாப்பிள்ளை கையில் கொடுத்தார். அதன் பிறகு அந்தக் காரில் அவர் ஏறியதில்லை. ஒரு நாளைக்கென்று சாவியைக் கேட்டாலும் அது திருப்பிக் கேட்டதாகிவிடும். கடைக்கு ஓட்டோவில்தான் போகிறார்.

அந்தக் காரில்தான் இன்று கிண்ணியாப் பயணம். பஸ்லானின் உம்மா வீட்டில் மத்தியானச் சாப்பாடு. ரிஸ்னாவுக்கு இது ஏழாம் மாதம்.

வெளிக்கிடுவதற்கு முன் குசினி வாசலில் வைத்துக் கலீலுர் றஹ்மான் பெண்சாதியைப் பிடித்தார்.

"ரிஸ்னாட வாயால மெல்லக் கேட்டுப் பாரு. விக்கிறது மெய்யா, பொய்யா எண்டு. நேர கேக்காத."

"நேர கேக்க எனக்கு வாய் எங்க இரிக்கு?"

"முனீபுக்கு வாக்கு ஏதும் குடுத்திருந்தா?"

"எங்கட வாப்பா என்ன சொல்லுவாரு? கையில கை வெச்சு வில பேசினா, கடை பத்தி எரிஞ்சாலும் சாமான் வாங்கினவன்ட. குடுத்திருந்தாக் குடுத்ததுதான்."

"உங்கட வாப்பா நெல்லு வித்தவர். நெல்லு ரோசப்படாது," என்றார் கலீலுர் றஹ்மான். "இது நான் மகளுக்குக் குடுத்தது. அது வேற ஆள்ட வாசலில நிக்கிறத நான் பாக்க மாட்டன்."

அவர் குரல் கடைசியில் கொஞ்சம் பிசிறியது. றுக்கியா அதைக் கேட்காத மாதிரி முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு காரில் ஏறினாள்.

பஸ்லான் மூதூரில் ஒரு வங்கியில் வேலை. கூட்டலும் கழித்தலும் தொழிலாக இருப்பதால் பேச்சில் எப்போதும் கழித்தல்தான். அவன் ஓட்ட, ரிஸ்னா பக்கத்தில் இருந்தாள். றுக்கியா பின்னால், மகளின் முதுகுப் பக்கம்.

"ரிஸ்னா, காத்து முகத்தில அடிக்குது. அந்தக் கண்ணாடியக் கொஞ்சம் ஏத்தச் சொல்லு."

ரிஸ்னா வாய் திறக்கு முன்பே பஸ்லான் கண்ணாடியை ஏற்றினான்.

"ஏத்திட்டாரு உம்மா."

"சரி. சந்தோசம் எண்டு சொல்லு."

"சந்தோசமாம் மச்சான்."

இந்த வீட்டில் ரிஸ்னா பாதி மகள், பாதித் தபால்காரி. இராத்திரியெல்லாம் பிள்ளை உதைத்ததில் தபால்காரிக்கு நித்திரை இல்லை. உள்துறைமுகத்துத் தண்ணீர் கண்ணிலிருந்து மறைந்து, பாலையூற்று வருவதற்குள் தலை சாய்ந்துவிட்டது. வாய் லேசாகத் திறந்து மூச்சு சீராக வந்தது.

றுக்கியாவுக்குச் சங்கடம். கேட்க வேண்டியது இனித்தான் இருக்கிறது. கொண்டுபோய்க் கொடுக்க ஆளில்லை. எழுப்பவும் மனமில்லை.

வேறு வேலை இல்லாததால் மருமகனின் கைகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அவனுடைய வலக்கை ஸ்டியரிங்கைத் திருப்பியது. இடக்கை திருப்பவில்லை, தாங்கிக்கொண்டிருந்தது. பள்ளம் வந்தால் ஸ்டியரிங் சக்கரம் அப்படியே மடியை நோக்கி இறங்கும். அவன் கைக்குழந்தையின் தலையை நிமிர்த்துவது போல அதை மேலே தூக்குவான். அடுத்த பள்ளத்தில் மறுபடியும் இறங்கும். மறுபடியும் தூக்குவான். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. பழகிய கை.

அந்தச் சக்கரத்துக்குக் கீழே, அடிப்பலகையில் ஓர் இருட்டு இடுக்கு. அந்த இடுக்கை றுக்கியாவுக்குத் தெரியும். நன்றாகவே தெரியும்.

நிக்காஹ்வுக்கு முதல் நாள் காரைக் கழுவித் துடைத்து முற்றத்தில் நிறுத்தியிருந்தார்கள். மணப்பெண்ணைப் பார்ப்பது போல அவள் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். ஸ்டியரிங்குக்கு அடியில் நீலமாக என்னவோ துருத்திக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தால் றப்பர்ச் செருப்பின் துண்டு. கலீலுர் றஹ்மானின் தேய்ந்த செருப்பு. எந்தக் காலத்திலோ அவர் வெட்டிச் செருகியது. நாளைக்கு மாப்பிள்ளை வந்து ஏறுவார், அவர் முழங்காலுக்கு நேரே மாமனாரின் செருப்பா? குசினிக்குப் போய்க் குறடு எடுத்து வந்து பிடித்து இழுத்தாள். இலேசில் வரவில்லை. கடைசியில் வந்தது. வேலிக்கு அப்பால் எறிந்துவிட்டுக் கையைக் கழுவினாள்.

வாயே திறக்காதவள் மாப்பிள்ளைக்குச் செய்த முதல் மரியாதை அது.

இப்போது அந்த மரியாதை அவள் கண் முன்னால் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் ஏழு மாத வயிற்றோடு மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

றுக்கியா இருமினாள். வளையல்களைக் குலுக்கினாள். பஸ்லான் வானொலியின் சத்தத்தைக் குறைத்தான். அவ்வளவுதான் அவனுக்கு விளங்கியது.

"ரிஸ்னா," என்றாள் றுக்கியா, தூங்குகிற மகளிடம். "அந்த ஸ்டியரிங் ஏன் இப்பிடி ஆடுது எண்டு கேளு."

பஸ்லான் பக்கத்தில் பார்த்தான். பெண்சாதி நித்திரை. பின்பார்வைக் கண்ணாடியில் பார்த்தான். மாமி சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"ரிஸ்னா, பழைய கார் எண்டா அப்பிடித்தான் எண்டு உம்மாட்ட சொல்லு."

"வாப்பா ஓட்டக்குள்ள ஆடல்ல எண்டு சொல்லு ரிஸ்னா."

"மாமாட கைக்கு அடங்கி இரிந்திரிக்கும். என்ட கை புதுசு எண்டு சொல்லு."

"கை புதுசாம். கேட்டியா ரிஸ்னா? கராஜ் ஒண்டுக்கும் காட்டல்லயாமா?"

சீனன்குடா விமானத் தளத்தின் கம்பி வேலி பக்கத்தில் ஓடி வந்துகொண்டிருந்தது. றுக்கியா துணிந்துவிட்டாள். தூங்குகிறவளின் பேரில் எவ்வளவு வேண்டுமானாலும் கடன் எழுதலாம்.

"ரிஸ்னா, காரை விக்கப் போறதா ஊரில ஒரு கத அடிபடுது. அது மெய்யா எண்டு கேளு."

பஸ்லானின் பார்வை ஒரு நொடி கண்ணாடிக்குப் போனது. அந்த நொடியில்தான் வளைவுக்கு அப்பால் மாடுகள் நின்றன. ஐந்தாறு மாடுகள், தார் ரோட்டைத் தங்கள் பேரில் உறுதி எழுதிய காணி போல நினைத்துப் படுத்தும் நின்றும். எதிரே ஒரு பஸ் வேறு வந்தது. பஸ்லான் பிரேக்கை மிதித்தான். காரின் பாரம் முழுவதும் முன்னால் குனிந்தது, ஸ்டியரிங்கும் குனிந்தது. தாங்கிய கை வழுக்கி, சக்கரம் அவன் தொடையில் வந்து இடித்தது. கார் ரோட்டை விட்டு இடப்பக்கம் மணலை நோக்கி இழுபட்டது.

"மகன், தூக்கிப் பிடிங்க. ரெண்டு கையாலயும். ஓரமா நிப்பாட்டுங்க."

தூக்கிப் பிடித்தான். ஓரமாக நிறுத்தினான். பஸ் ஹோன் அடித்துக்கொண்டு போனது. மாடு ஒன்று திரும்பிப் பார்த்துவிட்டு அசை போட்டது. ரிஸ்னா முனகிக்கொண்டு மறுபக்கம் சாய்ந்தாள்.

அப்போதுதான் இரண்டு பேருக்கும், மாமி நேரே பேசிவிட்டாள் என்பது உறைத்தது.

பஸ்லான் திரும்பாமல், மெல்லிய குரலில் சொன்னான்: "சரி மாமி."

ஒரு பவுண் போயிற்று.

அடுத்த சந்திக்குப் பக்கத்தில் தகரக் கொட்டில் ஒன்றில் தர்மிகன் கராஜ் வைத்திருந்தான். கார் நத்தையாக ஊர்ந்து வந்து சேர்ந்தது. ரிஸ்னாவை எழுப்பி, ரோட்டோரத்துப் பெட்டிக்கடை நிழலில் கதிரை போட்டு இருத்தி, கையில் ஒரு செவ்விளநீரைக் கொடுத்தார்கள்.

தர்மிகன் சன்னலால் கையை விட்டு ஸ்டியரிங்கை ஒருமுறை ஆட்டினான். உடனே தலையையும் ஆட்டினான்.

"சரிவராது அக்கா. ஸ்டியரிங் தண்டு முழுசா மாத்தவேணும். என்னட்ட ஒண்டு இருக்கு. இதே கார்த் தண்டு, இதே மொடல். உங்களுக்கெண்டு வச்சிருந்த மாதிரி."

"வித்துப்போகாமக் கிடக்கு எண்டு சொல்லுங்க தம்பி, விளங்கும்," என்றாள் றுக்கியா. "நோயாளியத் தொடாம மருந்து எழுதாதீங்க. முதல்ல உள்ள பூந்து பாருங்க."

உலகத்தில் எவனோடும் அவளுக்குப் பேச்சுத் தடையில்லை. அவள் ஆக்கிய சோற்றைத் தினமும் உண்கிற ஒருவனோடு மட்டுந்தான்.

தர்மிகன் சிரித்துக்கொண்டே மல்லாந்து படுத்து, தலையைச் சக்கரத்துக்கடியில் நுழைத்தான். அடிப்பலகையின் திருகாணிகளைக் கழற்றி, கைத்தொலைபேசி வெளிச்சத்தில் பார்த்தான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது.

"ஓம், தண்டுக்கு ஒண்டுமில்லை. தண்டை மேல தூக்கிப் பிடிக்கிற பிடி இருக்கு, அதுதான் கழண்டு தொங்குது. ரெண்டு போல்ட் இருக்கவேணும். ஒண்டு எந்த ரோட்டில விழுந்துதோ. மற்றது என்ர மாமன்ர பல்லு மாதிரி ஆடுது."

"அப்ப உங்கட தண்டு உங்களுக்கு," என்றாள் றுக்கியா.

"பொறுங்கோ, இதென்ன நீலமா?" விரல் நுனியில் எதையோ சுரண்டிக்கொண்டு வெளியே வந்தான். றப்பர்த் தூள். "ஆரோ கெட்டிக்காரன் செருப்பு வெட்டி அடைச்சிருக்கிறான். போல்ட்டின்ர புரி தேய்ஞ்சு இறுகேல்லை, இடைவெளிக்குச் செருப்பு. அதோட இன்னும் பத்து வருசம் ஓடியிருக்கும். எந்த மடையன் அதை இழுத்து எடுத்தானோ, அண்டைக்கே போல்ட் ஆட வெளிக்கிட்டிருக்கும். ஆடின போல்ட் கழண்டுதானே விழும்."

பஸ்லான் உடனே சொன்னான்: "நான்தான். கழுவக்குள்ள கைபட்டு விழுந்திரிக்கும்."

றுக்கியா நிமிர்ந்து பார்த்தாள். அது கைபட்டு விழுகிற துண்டல்ல. குறடு போட்டு இழுத்தவளுக்குத் தெரியாதா? எடுத்தது யாரென்று அவனுக்குத் தெரியாது. அந்த வீட்டில் யாரோ ஒருவர் தலை குனிய வேண்டும் என்றால் அது தானாக இருக்கட்டும் என்று முந்திக்கொண்டான், அவ்வளவுதான். பேரம் பேச வந்தவன் கேட்காமலே நட்டத்தைத் தன் பக்கம் இழுத்துப் போட்டால், வியாபாரி மகளுக்கு அந்த இடத்தில் நிற்க முடியாது.

"அந்த மடையன் நான்தான் தம்பி," என்றாள் தர்மிகனிடம்.

சொன்ன பிறகுதான், சரக்கை வேறு கடையில் இறக்கிவிட்டது தெரிந்தது. இது தர்மிகனுக்குச் சேர வேண்டியதல்ல. ஏற்கெனவே ஒரு வார்த்தை போய்விட்டது; பொத்தலான மூட்டையைக் கட்டி வைத்து என்ன பலன்? முந்தானையைச் சரிசெய்துகொண்டு மருமகனின் பக்கம் திரும்பினாள்.

"மகன், நான்தான் இழுத்து எடுத்த. நிக்காஹ்வுக்கு முதல் நாள். உங்கட முழங்காலுக்கு நேர மாமாட செருப்பு கிடக்கிறது மரியாத இல்ல எண்டு நினைச்சன். அது என்னத்தத் தாங்கிக்கொண்டு இரிந்திச்சு எண்டு எனக்குத் தெரியா."

பஸ்லான் தரையைப் பார்த்தான். காதுகள் சிவந்தன.

"நான் வேற மாதிரி நினைச்சிட்டன் மாமி," என்றான். "மாமா தெரிஞ்சுதான் தந்தவர் எண்டு. வியாபாரிதானே, ஆடுற சாமானப் பெயின்ற் அடிச்சுத் தள்ளிட்டாரு எண்டு."

"அவருக்கு அது இன்னமும் உள்ளுக்குள்ள இரிக்கு எண்டுதான் நினைப்பு."

"ஓம், இப்ப விளங்குது."

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே மகன்."

"எப்பிடிக் கேக்க? கார் சரியில்ல எண்டு மாப்பிள்ள வாய் திறந்தா, குடுத்தது காணாது எண்டு கேட்ட மாதிரித்தானே போகும்? ரிஸ்னா ஏறுற கார். பிள்ளையும் வரப்போகுது. அதான் வித்திட்டு, என்ட காசும் கொஞ்சம் போட்டு வேற ஒண்டு எடுப்பம் எண்டு…"

அவனுடைய தொலைபேசி அடித்தது. எடுத்துப் பார்த்தான். முகம் மாறியது. சத்தத்தை அமர்த்திச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். றுக்கியா அதைக் கவனித்தாள், கேட்கவில்லை.

இந்தப் பக்கம் கேட்டால் மரியாதைக் குறைவு. அந்தப் பக்கம் சொன்னால் மரியாதைக் குறைவு. இரண்டு பக்கமும் மரியாதையை மூட்டை மூட்டையாக இறக்கிக்கொண்டே இருக்க, நடுவில் ஒரு போல்ட் சத்தமில்லாமல் கழன்று விழுந்திருந்தது. திட்டுவதற்கு ஒரு பாவி கூடக் கிடைக்கவில்லை. அதுதான் றுக்கியாவுக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. பாவி ஒருவன் இருந்தால் மனசு இலேசாகிவிடும்.

தர்மிகன் பிடியின் துளைகளுக்குப் புதுப் புரி வெட்டி, ஒரு அளவு பெருத்த போல்ட்டுகளைச் சுருள் வளையம் போட்டு இறுக்கினான். "முடிஞ்சுது" என்றான்.

"முடியல்ல. அதில தொங்கிக் காட்டுங்க."

"தொங்கவோ?"

"என்ட மகள் அதுக்குப் பக்கத்தில இரிக்கப் போறா தம்பி. தொங்குங்க."

அவன் இரண்டு கையாலும் சக்கரத்தைப் பிடித்து, ஆள் பாரம் முழுவதையும் கீழே போட்டான். பிறகு மேலே தள்ளினான். கார் ஆடியது, ஸ்டியரிங் ஆடவில்லை.

கூலி கேட்டான். றுக்கியா பேரத்தைத் தொடங்கினாள். விற்றுப்போகாத தண்டிலிருந்து ஆரம்பித்து, மடையன் என்று சொன்னதற்குக் கழிவு கேட்கும் இடத்துக்கு வந்தபோது தர்மிகன் கையெடுத்துக் கும்பிட்டான்.

"நீங்கள் கடைக்காரரோ அக்கா?"

"கடைக்காரன்ட மகள். கடைக்காரன்ட பொஞ்சாதி. இவர் மட்டுந்தான் குடும்பத்தில பேங்க்."

பஸ்லான் சிரித்தான். கல்யாணம் முடிந்து இத்தனை மாதத்தில் மருமகனின் பல்வரிசையை அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை. முன்பல் ஒன்று லேசாக மேலேறி இருந்தது.

மறுபடியும் ரோட்டில் ஏறிய பிறகு, ரிஸ்னா முன்னால் பார்த்தபடியே சொன்னாள்:

"ரெண்டு பேரும் ரிஸ்னா ரிஸ்னா எண்டு என்ட பேரச் சொல்லிச் சொல்லி, ஒரு பொட்டு நித்திர கொள்ள விடல்ல."

பின்னால் இருந்த றுக்கியா சட்டென்று முன்னுக்குச் சாய்ந்தாள். "எதில இருந்து கேட்ட?"

"கை புதுசு எண்டதில இருந்து. மாடு வந்த நேரம் கண்ணையே முழிச்சிட்டன். நீங்க மகன் எண்டதும் திரும்ப மூடிட்டன்."

"பிறகு ஏன் மூடின?"

"நான் முழிச்சா நீங்க நிப்பாட்டிருவீங்க," என்றாள் ரிஸ்னா. வயிற்றைத் தடவிக்கொண்டாள். "கார இல்ல, கதைய."

கிண்ணியாப் பாலத்தில் கார் ஏறியது. இரண்டு பக்கமும் தண்ணீர் பளிச்சென்று விரிந்தது. பஸ்லானின் இடக்கை தாங்குவதற்கு ஒன்றுமில்லாமல், தன் வேலையை மறந்த ஆள் போல மடியில் கிடந்தது.

"ரிஸ்னா," என்றான் அவன், கண்ணாடியில் மாமியைப் பார்த்து. "பிள்ள கிடைச்ச பிறகு மோதிரத்தோட முதல்ல இருந்து தொடங்குவம், இண்டைக்குக் கதைச்சது கணக்கில வராது எண்டு உம்மாட்ட சொல்லு."

"அந்தக் கணக்கு ஊருக்கு எண்டு சொல்லு ரிஸ்னா," என்றாள் றுக்கியா. "வீட்டுக் கணக்கு வீட்டுக் கணக்குத்தான்."

அவளுக்கு மனம் இலேசாகியிருந்தது. இராத்திரி புருசனிடம் என்ன சொல்வது என்று யோசித்தாள். விற்கிற கதை செருப்பில் பிறந்து போல்ட்டில் முடிந்துவிட்டது. ஸ்டியரிங் இறுகிய பிறகு கார் எதற்காக வாசலை விட்டுப் போக வேண்டும்? மனுசன் முழுச் சோறும் உண்பார்.

ஒழுங்கைக்குள் திரும்பி, சம்பந்தி வீடு தெரியும்போதே பஸ்லான் காரை மெதுவாக்கினான். வாசல் வேம்பின் நிழலில் மோட்டார் சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் புரோக்கர் முனீப் நின்றான். பக்கத்தில் வெள்ளைச் சாரம் கட்டிய ஒரு மனிதர். வருகிற காரை, தன் மாட்டைப் பார்ப்பது போல, முகத்திலிருந்து வால்வரை ஆசையோடு பார்த்தார்.

பஸ்லான் காரை நிறுத்தினான். எஞ்சினை நிறுத்தவில்லை. இந்தத் தடவை அவன் கண்ணாடியைப் பார்க்கவில்லை, ரிஸ்னாவின் பெயரையும் சொல்லவில்லை. உடம்பு முழுவதையும் பின்பக்கம் திருப்பி, மாமியின் முகத்தை நேரே பார்த்தான்.

"மாமி, போன கிழம அந்த மனுசன்ட கையில கை வெச்சு வாக்குக் குடுத்திட்டன். ஸ்டியரிங் ஆடுது எண்டும் சொல்லித்தான் குடுத்தன். அவர் அதோடயே எடுக்கிறன் எண்டாரு. இப்ப நான் என்ன செய்ய?"

கடை பத்தி எரிஞ்சாலும் சாமான் வாங்கினவன்ட. காலையில் குசினி வாசலில் அவளே சொன்னது. இன்னும் வாயில் ஈரம் காயவில்லை. அதற்குப் பக்கத்திலேயே கலீலுர் றஹ்மானின் பிசிறிய குரலும் நின்றது. முனீப் பல் முழுவதையும் காட்டிக்கொண்டு சன்னல் கண்ணாடியைத் தட்டினான்.

றுக்கியா மனசுக்குள் கணக்கைக் கூட்டிப் பார்த்தாள். ஒரு பவுணுக்குப் போக வேண்டிய முதல் வார்த்தை மாட்டுக்குப் போயிற்று. அதற்கடுத்தது செருப்புக்குப் போயிற்று. தர்மிகனின் கூலி, கழிவு போகத் தீர்ந்தது. மருமகன் தர வேண்டியது ஒரு மோதிரம். அது வருமதி, பிள்ளையோடு வந்து சேரும்.

மாமி தர வேண்டியது ஒரு பதில். பாக்கி.